ஓடோமீட்டர் ஒன்று, ஜி.பி.எஸ். வேறொன்று: கிலோமீட்டர் கணக்கு இடிக்கும்போது அறிகுறி வாரியாகப் பிழை காணும் வழிமுறை

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கோ சேலத்துக்கோ வாடகை வண்டியில் போய்த் திரும்பியவர்கள், கணக்கு முடிக்கும் நேரத்தில் பிணங்கிக்கொள்வது பெரும்பாலும் கிலோமீட்டரைப் பற்றித்தான். ஓட்டுநர் டிரிப் ஷீட்டில் ஓடோமீட்டர் எண்ணை எழுதியிருப்பார். பயணியின் கைப்பேசியோ அதைவிட எட்டு, பத்து கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். மீட்டரில் ஏதோ செய்திருக்கிறார்கள் என்ற ஐயம் அந்த இடத்திலேயே எழுந்துவிடுகிறது. நாள் முழுவதும் வண்டி ஓட்டிக் களைத்து வந்தவரிடம் அப்படிக் கேட்பதற்கு முன்பு, வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவதே நியாயம். பெரும்பாலும் ஒரு சாக்பீஸும் ஒரு டேப்பும் சற்றுப் பொறுமையும் இருந்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஓடோமீட்டர், சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று தொழிற்சாலையில் பதிந்துவைத்த நிலையான எண்ணால் பெருக்குகிறது. இன்றைய கார்களில் இந்த எண்ணிக்கை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சக்கர சென்சார்களிலிருந்தோ கியர்பாக்ஸில் உள்ள வேக சென்சாரிலிருந்தோ வருகிறது. செயற்கைக்கோள் அலைகளால் இடம் காணும் ஜி.பி.எஸ். செயலிகளில் பெரும்பாலானவை, வண்டி இருந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டே போய், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலுள்ள நேர்கோட்டுத் தொலைவுகளைக் கூட்டுகின்றன. ஆகவே ஓடோமீட்டரின் பிழை ஓடிய தொலைவுக்கு ஏற்ப வளரும்; 100 கிலோமீட்டருக்கு 2 கூடுதல் என்றால் 300-க்கு 6 கூடுதலாக வரும். ஜி.பி.எஸ்ஸின் பிழை அப்படி வளர்வதில்லை. வண்டி எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு மெதுவாக ஊர்ந்தது, சாலை எவ்வளவு வளைந்தது, வானம் எவ்வளவு மறைந்திருந்தது என்பவற்றைப் பொறுத்து அது கூடும் அல்லது குறையும். கீழே வரும் அறிகுறிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இந்த வேற்றுமையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில்: இரண்டு எண்களும் ஒரே ஓட்டத்தைச் சேர்ந்தவையா?

புறப்படும் முன் வரைபடச் செயலி காட்டும் தொலைவு, செயற்கைக்கோள் அளந்த தொலைவு அன்று. அது வரைபடத்தில் உள்ள சாலைக்கோட்டின் நீளம். வண்டி உண்மையில் எங்கே சுற்றியது என்று அதற்குத் தெரியாது. அல்சூரில் ஒருவழிப் பாதைக்காகச் சுற்றி வந்ததும், வெளிவட்டச் சாலையில் யூ-டர்ன் கிடைக்காமல் அடுத்த மேம்பாலம் வரை போய்த் திரும்பியதும், நிறுத்த இடம் தேடி அலைந்ததும் ஓடோமீட்டரில் ஏறியிருக்கும், செயலியின் முன்மதிப்பீட்டில் இருக்காது. வண்டி ஷெட்டிலிருந்து பயணியின் வீடு வரை வந்த தொலைவைக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்பதும் வாடகை பேசும்போதே தீர்க்க வேண்டிய செய்தி. அதைக் கருவியின் தலையில் போடுவது சரியாகாது.

முழு கிலோமீட்டர் மட்டும் காட்டும் ஓடோமீட்டரைக் குறுகிய ஓட்டத்துக்குப் பயன்படுத்தினால், பத்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை எண்ணின் முழுமையாலேயே வேறுபாடு வரலாம். பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் டிரிப் மீட்டரைச் சுழியமாக்கிவிட்டுப் புறப்படுங்கள். பாதிப் பிணக்கு அதிலேயே அடங்கிவிடும்.

அறிகுறி: எந்தச் சாலையில் போனாலும் வேறுபாடு ஏறத்தாழ ஒரே சதவீதத்தில் இருக்கிறது

காரணம் சக்கரத்தில் இருக்கிறது. முதலில் டயரின் பக்கச்சுவரில் எழுதியுள்ள அளவைப் படித்து, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். 185/65 ஆர்15 என்று இருந்தால், டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர் வரும். அதே ரிம்மில் 195/65 டயரை மாட்டினால் விட்டம் 634.5 ஆகிவிடும், அதாவது 2.1 சதவீதம் பெரிது. சக்கரம் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நகர்கிறது; ஆனால் ஓடோமீட்டர் பழைய எண்ணாலேயே பெருக்குவதால், வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்க மீட்டர் 98 என்றுதான் காட்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று அகலமான டயருக்கு மாறும் ஓட்டுநர், கிலோமீட்டர் வாடகையில் தமக்கே நட்டம் வைத்துக்கொள்கிறார். டயர்க் கடையில் அளவை மாற்றச் சொல்லும்போது மொத்த விட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். அதே 185/65 ஆர்15-க்குப் பதிலாக 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9, வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

அளவு சரியாக இருந்தால் தேய்மானத்தைப் பாருங்கள். புதிய கார் டயரில் பட்டனின் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளத்தின்) ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும், சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். அவ்வளவு தேய்ந்த சக்கரம் புதியதைவிட ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை குறைவாக நகர்வதால், ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். ஓசூர் வரை நாள்தோறும் போய் வரும் வண்டியில் இது மெதுவாக ஏறி, டயர் மாற்றிய மறுநாள் சட்டென்று இறங்கும். டயர் மாற்றியபின் அதே வழிக்கு மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். புதிய டயரில் காட்டுவதே உண்மைக்கு நெருக்கமானதாக இருக்கும்.

காற்றழுத்தத்தை மிகப் பலர் குற்றம் சாட்டுகிறார்கள். ரேடியல் டயரின் உள்ளே சுற்றியிருக்கும் எஃகுப் பட்டை நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. காற்று குறைந்தால் டயர் அடியில் நசுங்குமே தவிர, ஒரு சுற்றுக்கு நகரும் தொலைவு ஒரு சதவீதம்கூட மாறாது. காற்றைச் சரியாக வைத்துக்கொள்ள வேறு நல்ல காரணங்கள் உண்டு, கிலோமீட்டர் கணக்கு அவற்றில் ஒன்றன்று.

கையால் அளந்து பார்க்க விரும்புகிறவர்கள், சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயரின் அடிப்பகுதி தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, வண்டியை நேராகத் தள்ளி, டயரில் உள்ள கோடு ஐந்தாம் முறை தரையைத் தொடும் இடத்தில் மீண்டும் ஒரு கோடு போட்டு, இடைத்தொலைவை டேப்பால் அளந்து ஐந்தால் வகுக்க வேண்டும். 185/65 ஆர்15 டயருக்கு ஒரு சுற்று 1.9 மீட்டரை ஒட்டி வரும். ஏட்டுக் கணக்கில் 1.95 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். வண்டியின் எடை சக்கரத்தை அடியில் அழுத்துவதால் உருளும் சுற்றளவு எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். பழைய டயரை இப்படி அளந்து குறித்துவைத்துக்கொண்டு, புதிய டயர் போட்டபின் மறுபடியும் அளந்தால், மீட்டர் எத்தனை சதவீதம் மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மீட்டரையே நேராகச் சோதிக்க நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் உதவும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையும் மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலையும் கொண்ட கற்கள் இவை. ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இதற்குப் பொருத்தமானது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே மட்டும் அளந்து முடிவு கட்டிவிடாதீர்கள். மேம்பாலம் கட்டும்போதோ சாலையை அகலப்படுத்தும்போதோ தனித்தனிக் கற்கள் இடம் மாறியிருக்கக்கூடும். இருபது கிலோமீட்டராவது தொடர்ந்து அளக்க வேண்டும், கற்களைப் படிக்கும் வேலை பக்கத்தில் அமர்ந்திருப்பவருடையதாக இருக்க வேண்டும், நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது. கற்களின்படி 20 கிலோமீட்டர் போனபோது டிரிப் மீட்டர் 20.5 காட்டினால், இருபதை 20.5-ஆல் வகுத்து வரும் 0.976 என்பதே அந்த வண்டியின் திருத்த எண். அதே ஓட்டத்தில் கைப்பேசியிலும் தடத்தைப் பதிவு செய்துகொண்டால் மூன்று சாட்சிகள் கிடைக்கும்.

இருசக்கர வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேக சென்சார் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்பிராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15-க்கு மாற்றினால் மீட்டர் ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்துக் காட்டும். சென்சாரோ கேபிளோ முன்சக்கரத்தில் இருந்தால் இந்த மாற்றம் மீட்டரைத் தொடாது.

அறிகுறி: வேகமுள் 100-இல் நிற்கிறது, ஜி.பி.எஸ். 94 என்கிறது

இதை வைத்து ஓடோமீட்டரும் 6 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று முடிவு செய்வது மிகப் பரவலான தவறு. வேகமானி உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை எண் 39-இன்படி, அது உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் கூடவே 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். ஆகவே தயாரிப்பாளர்கள் முள்ளை வேண்டுமென்றே சற்று மேலே வைக்கிறார்கள். ஓடோமீட்டருக்கு அந்தக் கூட்டல் தேவையில்லை. இரண்டுக்கும் மூலம் ஒரே சென்சார் என்றாலும், கணக்கிடும் வழி வேறு. வேகமானி 6 சதவீதம் கூட்டிக் காட்டும் காரின் ஓடோமீட்டர் ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருப்பதைக் கல் சோதனையில் நீங்களே காணலாம்.

அறிகுறி: நெடுஞ்சாலையில் இரண்டும் ஒத்துப்போகின்றன, நகருக்குள் ஜி.பி.எஸ். கூடுதலாகக் காட்டுகிறது

பெங்களூரில் இதுவே மிகுதியாகக் காணும் அறிகுறி, பலருக்கும் நம்ப முடியாததாக இருப்பதும் இதுவே. அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதத்தில் நிறுத்தியது. இன்று திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி தன் இடத்தை ஏறத்தாழ 5 மீட்டருக்குள் காட்டிவிடும். ஆனால் அந்த 5 மீட்டருக்குள் புள்ளி ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் தடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்: வண்டி அசையாமல் நின்ற இடத்தில், சிக்கிக்கொண்ட நூல்கண்டுபோல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். புள்ளி நொடிக்கு அரை மீட்டர் அலைந்தது என்று வைத்துக்கொண்டால்கூட, அதை வடிகட்டாத செயலி ஒரு மணி நேர நிறுத்தத்தில் 1.8 கிலோமீட்டரைப் பயணக் கணக்கில் சேர்த்துவிடும்.

ஊர்ந்து போகும்போதும் இதே கதைதான். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. புள்ளி பக்கவாட்டில் ஒரு மீட்டர் விலகினால் அந்த நொடியின் தொலைவு 2.95 மீட்டராகப் பதிவாகும். 6 சதவீதம் கூடுதல். மணிக்கு 80 கிலோமீட்டரில் நொடிக்கு 22 மீட்டர் போகும் வண்டியில் அதே ஒரு மீட்டர் விலகல் 0.1 சதவீதத்தைத்தான் கூட்டும். ஜி.பி.எஸ். நெடுஞ்சாலையில் ஓடோமீட்டரைவிட நம்பத்தக்கதாகவும், மாரத்தஹள்ளியிலிருந்து கே.ஆர்.புரம் வரை மாலை நெரிசலில் அதைவிட நம்பத்தகாததாகவும் இருப்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

இதற்கு மேல், கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் புள்ளியைச் சாலைக்கு வெளியே தள்ளிவிடும். மெட்ரோ தண்டவாளத்துக்கு அடியிலும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் கீழ்ச்சாலையிலும் போகும்போது வானத்தின் ஒரு பெரும் பகுதி மறைந்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் செயற்கைக்கோள்கள் பக்கவாட்டில் மட்டும் இருப்பதால் பிழை மேலும் பெருகுகிறது. அலுவலக வண்டிகளின் கிலோமீட்டருக்கு ஜி.பி.எஸ். தடத்தை மட்டும் சான்றாக ஏற்கும் நிறுவனங்கள் இந்த இடங்களில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தீர்வு இரண்டு வகை. இஞ்சின் அணைந்திருக்கும்போதும் வேகம் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும்போதும் தொலைவைக் கூட்டாதபடி டிராக்கரை (வண்டியில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவியை) அமைக்கச் சொல்லுங்கள். பொதுப் போக்குவரத்து வண்டிகளில் பொருத்தும் ஏ.ஐ.எஸ். 140 வகைக் கருவிகளுக்கு இஞ்சின் நிலை தெரியும் என்பதால் இது எளிது. புதிதாக வாங்குவதானால் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஏற்கும் கைப்பேசியையோ டிராக்கரையோ வாங்குங்கள். 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 அலையில், எதிரொலித்த அலையையும் நேராக வந்ததையும் பிரித்தறிவது எளிதாக இருக்கிறது. பெங்களூரை அடுத்த பியாலாலுவிலுள்ள இஸ்ரோ மையத்திலிருந்து நடத்தப்படும் நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பும் இதே எல்5 அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. புள்ளிகளைக் கூட்டாமல், டாப்ளர் விலகலிலிருந்து (ஓட்டத்தால் அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றத்திலிருந்து) கிடைக்கும் வேகத்தைக் காலத்தால் பெருக்கித் தொலைவு காணும் மென்பொருள் கிடைத்தால் அது இன்னும் மேல். அந்த வேகம் புள்ளியின் இடத்தைப்போல் அலைவதில்லை.

அறிகுறி: மலைப்பாதையில் ஜி.பி.எஸ். குறைத்துக் காட்டுகிறது

ஏற்றத்தின் சரிவை ஜி.பி.எஸ். விட்டுவிடுகிறது என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். செயலி உயரத்தைச் சேர்க்காமல் தட்டையாகக் கணக்கிட்டாலும், 6 சதவீதச் சரிவில் இழப்பு 0.2 சதவீதத்தை எட்டாது. 10 சதவீதச் சரிவில் 0.5 சதவீதம். உண்மையான காரணம் வளைவுகள். சாம்ராஜ்நகர் வழியாகச் சத்தியமங்கலம் போகிறவர்கள் இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பும் வண்டியை 5 நொடிக்கு ஒருமுறை குறித்தால், அது உண்மையில் போன 28 மீட்டரில் 24 மட்டுமே கணக்கில் ஏறும். டிராக்கர் 30 நொடிக்கு ஒருமுறைதான் புள்ளி அனுப்புகிறது என்றால், வளைவின் இரு கரங்களும் அருகருகே ஓடும் இடத்தில் ஒரு முழுத் திருப்பமே காணாமல் போய்விடும்.

டிராக்கரின் பதிவு இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று அல்லது இரண்டு நொடி இடைவெளி மலைப்பாதைக்கு நல்லது. திசை மாறும்போது கூடுதல் புள்ளி பதியும் வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள்.

அறிகுறி: தடத்தில் நீண்ட நேர்கோடுகள் தெரிகின்றன

கைப்பேசியின் மின்சேமிப்பு முறை செயலியைப் பின்னணியில் நிறுத்திவிட்டது. அந்தச் செயலிக்கு மட்டும் மின்சேமிப்பை விலக்கி, இருப்பிட அனுமதியை எப்போதும் என்று வைத்தால் சரியாகிவிடும். நேரான சாலையில் சிக்னல் விட்டுப்போனால் தொலைவு இழப்பு அதிகம் இராது. வளைந்த சாலையில் விட்டுப்போனதுதான் கணக்கைக் கெடுக்கும்.

அறிகுறி: வடக்கே போகும் வண்டிகளுக்கு மட்டும் அரை சதவீதம் கூடுதல்

இது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கானது. பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழு உருண்டையாகக் கொள்ளும் சூத்திரம் பெங்களூரின் 13 பாகை அட்சரேகையில் வடக்கு-தெற்குத் தொலைவை 0.5 சதவீதம் கூட்டியும், கிழக்கு-மேற்குத் தொலைவை 0.1 சதவீதம் குறைத்தும் காட்டும். பல்லாரி போகும் வண்டிக்கும் கோலார் போகும் வண்டிக்கும் இதனால் வெவ்வேறு பிழை வருகிறது. பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொள்ளும் டபிள்யு.ஜி.எஸ். 84 நீள்வட்டக் கணக்குக்கு மாறினால் இது மறைந்துவிடும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் சேர்க்க வேண்டுமா என்றால், அது 100 கிலோமீட்டருக்கு 14 மீட்டர்தான், விட்டுவிடலாம்.

மைசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 275-இல் செயற்கைக்கோள் வழிச் சுங்கக் கட்டணத்தைச் சோதனை முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஓடிய தொலைவுக்குக் கட்டணம் என்று வரும் நாளில் இதுபோன்ற அரை சதவீதங்களும் பணமாகிவிடும் என்பதால், இப்போதே சரியான சூத்திரத்தைப் பயன்படுத்துவது நல்லது.

அறிகுறி: ஓடோமீட்டர் நின்றுவிட்டது, அல்லது எண் குறைந்திருக்கிறது

பழைய இருசக்கர வண்டிகளில் வேகமுள்ளும் கிலோமீட்டரும் ஒன்றாக நின்றால் ஸ்பீடோ கேபிள் அறுந்திருக்கும். காரில் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கர சென்சாரையும் அதன் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓட்டியபின் இணைப்பில் ஈரம் ஏறியிருப்பதுண்டு. எண் குறைந்திருந்தால் மீட்டர் தொகுப்பையே மாற்றியிருக்கலாம். பழைய எண்ணும் மாற்றிய நாளும் சர்வீஸ் ரசீதில் இருக்க வேண்டும். அந்த ரசீது இல்லாத பழைய வண்டியை வாங்குகிறவர்கள், முந்தைய சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்கள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: ஆட்டோ மீட்டர் கைப்பேசியைவிட வேகமாக ஏறுகிறது

முதலில் கட்டணத்தைப் பார்க்காமல் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரைப் பாருங்கள். கட்டணத்தில் காத்திருப்புத் தொகையும் கலந்திருக்கும், நெரிசலில் அது தானாக ஏறும். பெங்களூரில் 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் மீட்டர் 4 சதவீதம் கூட்டிக் காட்டினால் பயணிக்கு ஏறத்தாழ 7 ரூபாய்தான் கூடும். அந்த அளவு வேறுபாடு, மேலே சொன்னபடி, கைப்பேசியின் பக்கமே இருக்கக்கூடும். வேறுபாடு அதைவிட மிகப் பெரிதாக இருந்து, போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில் நேரான சாலையிலும் அப்படியே இருந்தால், மீட்டரில் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, அதில் உள்ள காலக்கெடு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முத்திரை சரியாக இருந்தால் வண்டி எண்ணையும் ஓட்டத்தின் தொடக்க, முடிவு இடங்களையும் மீட்டர் காட்டிய கிலோமீட்டரையும் எழுதி அந்தத் துறையிடம் கொடுக்க வேண்டும்; சோதனை ஓட்டத்தில் மீட்டரைச் சரிபார்க்கும் அதிகாரமும் கருவியும் அவர்களிடம் இருக்கின்றன.